இரட்டைக் கதவு பீரோ வீடு புகுந்த படலம்

வாழ்க சின்ராசு! தோளிரண்டும் சாக்குத் தழும்பேறிய தோன்றல், ஐம்பது கிலோ மூட்டையை ஒரு மூச்சில் ஏற்றி மறுமூச்சில் இறக்கும் ஒப்பிலான், போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகள் அனைத்திலும் 'ஏ சின்ராசு' என்று ஒரே குரலில் அழைக்கப்பெறும் பெரும்பெயரோன், எட்டடிக்கு ஒன்பதடி மண்டலத்தை மாத வாடகைக்கு ஆளும் மன்னர்மன்னன், தேவியின் கொழுநன், கன்னையனின் மருமகன், வாழ்க! அன்னான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணி தொடங்கி நாலரை மணி வரை இரும்போடு பொருது நின்ற வரலாற்றைச் சொல்லப் புகுந்தேன்.

சொல்லெடுத்த காரியம் இடையூறின்றி நிறைவேற முதற்கண் உன்னை வணங்குகிறேன், அளவு நாடாவே. பெட்டிக்குள் சுருண்டு உறங்குவாய், இழுத்தால் நீள்வாய், விட்டால் விரலைக் கடித்துவிட்டு உள்ளே ஓடுவாய். நீ மட்டும் அன்று யாராவது ஒருவர் சட்டைப்பையில் இருந்திருந்தால் இந்தக் காவியமே பிறந்திராது. நீ இல்லாமற்போனதற்கு எங்கள் நன்றி.

நாட்டையும் நகரத்தையும் பாடி முடித்த பின்னரே நாயகனின் மனையைப் பாடுவது மரபு. மரபை மீற எனக்கு உரிமையில்லை. ஆனால் இடம் குறைவு, சின்ராசுவின் வீட்டைப் போலவே. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கே முகில் முட்டும் மலை. மலைமேல் ஏலக்காட்டின் ஈர நிழல். மலையடியில், காய் வந்து குவிய, கைகள் பொறுக்க, சல்லடைகள் சலிக்க, ஏலக் கூடத்தில் விலை ஏறியும் இறங்கியும் விளையாட, தெருவெல்லாம் பாயச மணம் கமழும் போடி மாநகர். அந்நகரில் ஏலக்காய் விலை ஏறினால் வீட்டு வாடகையும் ஏறும். ஏலக்காய் விலை இறங்கினால் ஏலக்காய் விலை மட்டும் இறங்கும்.

இவ்விதியை இயற்றியோருள் தலையாயவர் யோகராஜ். தந்தை விட்டுச்சென்ற பழைய ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் செங்கல் வைத்துத் தடுத்து, ஆறு அரசுகளாகப் பிரித்து, ஆறு குடும்பங்களுக்குப் பட்டம் சூட்டிய பெருந்தகை அவர். பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஏதோ ஆராய்ச்சி வரப்போகிறது, படித்தவர்கள் படையெடுத்து வந்து வீடு கேட்பார்கள் என்று சொல்லி ஒருமுறை வாடகையை உயர்த்தினார். படித்தவர்கள் வரவில்லை. ஏறிய வாடகை அவர்களை எதிர்பார்த்து இன்றளவும் மேலேயே காத்திருக்கிறது. பிறகு ஊருக்கு ரயில் திரும்பி வந்தது. மதுரைக்காரன் எல்லாம் இனி இங்கேதான் குடியிருப்பான் என்று சொல்லி இன்னொரு முறை உயர்த்தினார். இதை எழுதுகிறவனும் ஒரு வாடகை வீட்டுக்காரன்தான். எனவே இந்தப் பத்தியில் கொஞ்சம் சூடு தெரிந்தால் பொறுத்தருள்க.

இனி மனை. அதற்குத் தெருவைப் பார்த்து வாசல் கிடையாது. தெருப்பக்கம் பிற்காலத்தில் கடை வைப்பதாக யோகராஜுக்கு ஒரு கனவு உண்டு. ஆறு வாசல்களும் பக்கவாட்டு முடுக்கில் இருந்தன. அம்முடுக்கின் அகலமோ, எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் புறங்காட்டினாலன்றி மற்றவர் முன்னேற முடியாத அகலம். எங்கோ இடித்த வீட்டுக் கதவுகளை மலிவாக வாங்கிவந்த யோகராஜ், கதவுகள் குட்டையாக இருந்தபடியால் நிலைகளையும் குட்டையாகவே நிறுத்தினார். அதனால் அங்கே குடிவந்தோர் அனைவரும், பிறவியில் எத்துணைச் செருக்குடையவராயினும், தலை குனிந்தே வீடு புகுவர். மேலே தகரக் கூரை. தெருவோரத்து முதல் வீடு சின்ராசுவினுடையது. உள்ளே மூன்றடி வைத்தால் சமையலறை, அங்கேயே திரும்பி நின்றால் படுக்கையறை, அண்ணாந்து பார்த்தால் கொடியில் காயும் துணி. விருந்தினர் ஒருவர் உள்ளே வந்தால் வீட்டார் ஒருவர் வெளியே போவார்.

இத்தகைய மனையை நோக்கித்தான் அந்த பீரோ புறப்பட்டது. அதை அனுப்பியவர் தேவியின் தந்தை கன்னையன். பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் மருந்தடித்தவர். தோட்டத்தார் கட்டிக்கொடுத்த லயத்தில், வரிசையாக ஒட்டி நிற்கும் ஒற்றை அறைகளில் ஓர் அறையே அவருடைய மாளிகை. அவர் சட்டை ஆணியில் தொங்கியது. அவர் மனைவி சுருளியம்மாளின் சேலைகள் தகரப்பெட்டியில் கிடந்தன. தேவியின் பள்ளிச் சான்றிதழ் அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்று பழுப்பேறியது. ஒரு பொருளை வைக்கவும் மூடவும் இடமில்லாமல் வளர்ந்த மகளுக்குக் கல்யாணச் சீரில் விட்டுப்போன பீரோவை எப்பாடு பட்டாவது கொடுத்தே தீருவது என்று அவர் உறுதி பூண்டிருந்தார். கல்யாணமாகி ஏழாம் மாதம் அவ்வுறுதி நிறைவேறியது. வாங்கியதும் சாமானியப்பட்ட பீரோ அல்ல; இரட்டைக் கதவு, ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி, மயில் கழுத்து நிறம், ஆறேமுக்கால் அடி உயரம்.

சீரென்றால் அது பெண்ணைப் பெற்றவர் வாசலிலிருந்து புறப்பட வேண்டும். கடையிலிருந்து நேரே போனால் அது சீர் அல்ல, லோடு. கன்னையன் குடும்பத்தின் மாறா வழக்கம் இது. ஆகவே, போடியில், மகள் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் வாங்கிய பீரோ, ஜீப்பின் தலைமேல் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைக்குப் போயிற்று. லயத்து வாசலில் அது நுழையவில்லை. ஓர் இரவு முழுவதும் தார்ப்பாய் போர்த்தி வெளியே நின்றது. பக்கத்தில் கம்பளி போர்த்திக் கன்னையன் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் சந்தனமும் குங்குமமும் பூசி, தேங்காய் உடைத்து, அதே ஜீப்பின் தலையேறி, அதே பதினேழு வளைவுகளின் வழியே இறங்கி, வாங்கிய கடையின் வாசலைக் கடந்தே வந்து சேர்ந்தது.

இங்கே கேட்போர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். வாங்குமுன் அவர் விசாரிக்கவில்லையா? விசாரித்தார். "மாப்ளே, வல்லிய பீரோவாப் பாத்து வச்சிருக்கேன். ஒங்க வாசல்ல நுழையுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். மலையிலேயே வாழ்ந்தவருக்குப் பெரியதெல்லாம் மலையாளத்தில் வல்லியது. நம் நாயகன் தன் வாசலை ஒருமுறை உற்று நோக்கினான். உலகப் பொருள் யாவற்றையும் மூட்டையால் அளப்பவன் அவன். ஜீப்பு என்பது அவனுக்கு இருபது மூட்டை. கிட்டங்கி என்பது எண்ணூறு மூட்டை. தன் கல்யாணக் கூட்டத்தையே 'ஒரு முந்நூறு மூட்டைக்கு இருக்கும்' என்று மதிப்பிட்டவன். "ரெண்டு மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டே நான் நுழைவேன் மாமா. பீரோ தாராளமாப் போகும்" என்று முழங்கினான்.

மூட்டை அமுங்கும், வளையும், தூக்குகிறவன் குனிந்தால் கூடவே குனியும். இரும்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. பதினான்கு ஆண்டு சுமை தூக்கியவனுக்கு இந்த ஒன்று அப்போது தோன்றாமல் போயிற்று.

ஞாயிறு பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, தலையில் பீரோவும் முன் இருக்கையில் கன்னையனுமாக ஜீப்பு வந்து நின்றது. தெரு திரண்டது. ஓட்டிவந்த அருள்பாண்டி இறங்கிய கையோடு தன் நிலையைப் பிரகடனம் செய்தான்: "அண்ணே, வெரசா எறக்குங்க. இருட்டுறதுக்குள்ள நான் மலையேறணும். காலையில வேலைக்கு ஆள் ஏத்துற சோலி இருக்கு." பக்கத்து வீட்டுக் கலையரசி கைபேசியைப் பார்த்துக் காலக் கணக்கை அறிவித்தாள்: "மூணேகாலுக்கு நல்ல நேரம் ஆரம்பிக்குது. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள உள்ள போயிரணும்." அன்றைய போர் முழுவதற்கும் நாழிகை சொல்லும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள், யாரும் அவளிடம் கேட்கவில்லை.

வாசலில் தேவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பகை எத்தன்மைத்து என்று அப்போது எவரும் அறியார்.

முதற்போர் நின்ற வண்ணம் நிகழ்ந்தது. மூன்றேகால் அடித்ததும், தலைப்பாகையை இறுக்கி, முன்னணியில் தானும் பின்னணியில் பொன்னுமணி உள்ளிட்ட மூன்று சுமைதூக்கும் கூட்டாளிகளுமாக, நின்ற கோலத்திலேயே பீரோவைத் தழுவி, அடி மேல் அடி வைத்து, சுவரில் முழங்கை தேய, தேய்ந்த இடத்தில் தோல் உரிய, உரிந்ததைப் பொருட்படுத்தாது முடுக்கில் முன்னேறிய சின்ராசு, தன் வாசலை எய்தி அதை உள்ளே செலுத்தினான். பீரோவோ அதுகாறும் அவ்வாசலில் எந்தக் குடித்தனக்காரரும் செய்யத் துணியாததைச் செய்தது. தலை குனிய மறுத்தது. நிலையின் மேற்கட்டை அதன் நெற்றிக்கு ஒரு முழம் கீழே இருந்தது. மோதிய ஓசையில் எதிர்த் தெரு நாய்கள் எழுந்து நின்றன.

"மூணு இருபது" என்றாள் கலையரசி.

இரண்டாம் போர் கிடந்த வண்ணம் நிகழ்ந்தது. பீரோவை மல்லாத்தினர். உயரத்தின் இடர் அகன்றது; நீளத்தின் இடர் எழுந்தது. ஆறேமுக்கால் அடி இரும்பை மூன்றடி முடுக்குக்குள் வாசல் பக்கமாகத் திருப்புவதென்பது, செம்புக்குள் கரண்டியைக் குறுக்கே போட முயல்வதை ஒக்கும். திருப்பினர். பாதி திரும்பியது. பிறகு முன்னும் போகாமல், பின்னும் வராமல், இரு சுவர்களையும் இரு கைகளால் பற்றியதைப் போலச் சிக்கிக்கொண்டது. முடுக்குக்குள் இருந்தோர் உள்ளேயும் வெளியே இருந்தோர் வெளியேயும் சிறைப்பட்டனர். குளித்துவிட்டு வெளியூர் கிளம்பிய ஐந்தாம் வீட்டுக்காரர், பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, பீரோவின் முதுகின்மேல் தவழ்ந்து கடந்து பஸ்சைப் பிடித்தார். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவர்.

மூன்றாம் போர் சாய்ந்த வண்ணம் நிகழ்ந்தது. இதுவே மூன்றினுள்ளும் கொடியது. தலையை முதலில் வாசலுக்குள் கொடுத்து, காலை முடுக்கில் உயர்த்தி, கொஞ்சம் சாய்த்துக் கொஞ்சம் முறுக்கி, 'அப்படி இல்லடா இப்படி' என்று நால்வரும் நான்கு திசைக்கு ஆணையிட, மூன்றில் ஒரு பங்கு பீரோ வீட்டுக்குள் போய்விட்டது. தெரு ஆரவாரித்தது. அக்கணமே அதன் அடிப்பாகம் எதிர்ச்சுவரில் முட்ட, கதவுத் தாழ் தெறிக்க, கண்ணாடி பதித்த கதவு தானே திறந்து வெயிலை வாரி எல்லார் கண்ணிலும் அடித்தது. குருடான சேனை தடுமாறியது. கண்ணாடி வாசல் நிலைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நடுங்கி நின்றது.

"மதி, மதி, போதும் மாப்ளே. கண்ணாடி போயிரும்" என்றார் கன்னையன்.

பின்வாங்கினர். தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்தினர். மூன்று போரிலும் தோற்ற நாயகன் முழங்கையில் வழிந்த இரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மாமனாரைப் பார்க்கக் கூசி, ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மூட்டை நுழையும் என்று சொன்னது அவன் வாய்தானே. அருள்பாண்டி பீரோவை மறுபடி மேலே ஏற்றிக் கட்ட, கயிற்றை மெல்ல எடுத்தான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மேலே ஏறினால் அது எங்கே போகும்? கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். லயத்து முற்றத்தில் நின்றால் இரண்டு மழைக்குத் துருவேறிவிடும்.

கன்னையன் கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. பீரோவின்மேல் படிந்திருந்த சுண்ணாம்பைத் தோள்துண்டால் துடைத்தார். "என் வாசல்லதான் நுழையல. ஒரு ராத்திரி பூராம் வெளிய நிக்க வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். மக வாசல்லயாவது நுழையும்னு நெனச்சேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நையாண்டி செய்ய வந்த எனக்கும் இவ்விடத்தில் நையாண்டி வரவில்லை, மேலே செல்கிறேன்.

"மூணு அம்பது" என்றாள் கலையரசி, கொஞ்சம் தணிந்த குரலில்.

அப்போதுதான், ஒரு மணி நேரமாக ஆரத்தித் தட்டை ஏந்தி, அதில் கற்பூரம் வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்ற தேவி வாய் திறந்தாள். அவளை யாரென்று நினைத்தீர்கள்? ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிப்பவள். எட்டு மில்லிமீட்டர்க் காயையும் ஏழு மில்லிமீட்டர்க் காயையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரிப்பவள். சல்லடையின் இரகசியம் அனைத்தும் அறிந்த தலைவி.

"ஏங்க, நீட்டுக் காயி சல்லடையில படுத்துக் கெடந்தா கீழ விழுகாது. நிமிந்து நின்னா அதே ஓட்டையில சுளுவா எறங்கிரும். வாசலையே பிடிச்சுத் தொங்குனா எப்படி? மேல இருந்து எறக்குங்க."

தெரு முழுவதும் தலை நிமிர்ந்தது. தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. சின்ராசுவின் முகத்தில் ஒளி வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. "யோகராஜ் அண்ணே என்ன சொல்லுவாரு?"

"அவரு கறிச்சோறு தின்னுட்டு ஒறங்குறாரு. தகரத்தக் கழட்டி மாட்டுறதுக்கு அவர எதுக்கு எழுப்பணும்?" என்ற அப்பேருரை முடிந்ததும் பொன்னுமணி தலைப்பாகையை இறுக்கிக் கட்டினான்.

ஆரத்தித் தட்டு கலையரசி கைக்கு மாறியது. தேவி உள்ளே போய்த் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து வந்து, பீரோவின் அகலத்துக்கு ஒரு முடிச்சும் பக்கவாட்டுக் கனத்துக்கு ஒரு முடிச்சும் இட்டாள். மறுபடி உள்ளே போய், அரிசி டிரம்மின்மேல் ஏறி நின்று, கூரையின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே அக்கயிற்றை நீட்டிப் பிடித்தாள். அகலத்துக்கு மேல் நான்கு விரற்கடை மிச்சம் இருந்தது. அந்த பீரோவின் வாழ்க்கையில் ஒருவர் அதை அளந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

பிறகு நிகழ்ந்தவற்றை மெல்லச் சொல்ல நேரமில்லை; அவர்களுக்கும் இல்லை. அருள்பாண்டி மலைப்பாதையைப் பின்புறமாகவே ஏறும் வித்தையெல்லாம் காட்டி, ஜீப்பைத் தெருப்பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான். பொன்னுமணி சுவரேறி, ஜீப்பில் கிடந்த ஸ்பானர்களைக் கொண்டே துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருகி, ஒரு தகரத்தைக் கழற்றி ஒதுக்கினான். இதற்கிடையில் அம்மனையின் உடைமை முழுவதும் முடுக்குக்கு அணிவகுத்து வந்தது: அடுப்பு, சிலிண்டர், மிக்ஸி, பாய் இரண்டு, தலையணை மூன்று, குடங்கள், அரிசி டிரம், சாமிப் படம், சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஈர்க்குமாறு. ஓர் அரசு முழுவதையும் ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்து வைத்துவிடலாம் என்பதைக் கண்டு அண்டை வீட்டார் வியக்கவில்லை. அவர்களுடையதும் அவ்வளவுதான்.

"நாலேகால்."

பீரோ மீண்டும் ஜீப்பின் தலையேறியது. காலையிலிருந்து அது ஏறி இறங்கியதை எண்ணினால் அதற்கே களைத்திருக்கும். இரு கயிறுகள் அதன் இடுப்பைச் சுற்றின. சுவர்மேல் மூவர் காலூன்றி நின்று கயிற்றை முன்கையில் சுற்றினர். கீழே, வெறுமையாகிவிட்ட எட்டுக்கு ஒன்பதில், தலைக்கு மேல் வானம் திறந்திருக்க, சின்ராசு தனியனாக நின்றான். துணைக்கு இன்னொருவர் நிற்க இடமில்லை. நின்றால் பீரோவுக்கு இடமில்லை.

இறங்கியது. நிமிர்ந்த காய் சல்லடையில் இறங்குவது போலவே, சட்டத்தில் உரசாமல், சுவரில் மோதாமல், மயில் கழுத்து நிறத்துப் பெருந்தெய்வம் ஒன்று வானிலிருந்து வாடகை வீட்டுக்குள் எழுந்தருளுவது போல, அங்குலம் அங்குலமாக, மேலே நின்றவர் பல்லைக் கடிக்க, கயிறு முனக, முன்கை நரம்பு புடைக்க இறங்கியது. "விடு. இன்னும் விடு. பைய விடு" என்ற நாயகனின் குரல் மட்டும் உள்ளிருந்து கேட்டது. கண்ணாடிக் கதவு மறுபடி திறந்துகொள்ளாதபடி அதன்மேல் நெஞ்சைக் கொடுத்து, இரு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டு, ஏறத்தாழ அதனோடு ஆடியபடி அவன் அதை மூலைக்கு நடத்திச் சென்றான். பீரோவின் நான்கு கால்களும் தரையில் பட்டன. அவன் உடனே கைகளை எடுக்கவில்லை. அது நிஜமாகவே நின்றுவிட்டதா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு இருபத்தாறு" என்று கலையரசி கூவினாள். அன்று அவள் கூவியது அந்த ஒருமுறைதான்.

ராகு காலம் நான்கு நிமிடத்தில் தோற்றது. தெரு கைதட்டியது. கற்பூரம் ஒருவழியாக ஏற்றப்பட்டது. பீரோவுக்கும் சின்ராசுவுக்கும் சேர்த்தே ஆரத்தி சுற்றினாள் தேவி; அவன் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தான். அவன் முழங்கைக் காயத்தில் மஞ்சளை வைத்து அழுத்தியபோது மட்டும் "ஸ்" என்றான். முடுக்கில் அணிவகுத்தவை திரும்பி வந்தன; அவிழ்த்த கொடியும் மறுபடி கட்டப்பட்டது. அரிசி டிரம் இருந்த இடத்தில் பீரோ நின்றபடியால் டிரம் பீரோவின் கீழ்த்தட்டுக்குள் குடியேறியது. ஆனால் அதற்கும் முன்பாக, எல்லாவற்றுக்கும் முதலாவதாக, டிரம்மின் பின்னால் சுவரோடு சாய்ந்திருந்து, டிரம்மோடு முடுக்குக்குப் போய்வந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தேவி பீரோவின் நடுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அது அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட்டாள்.

கன்னையன் வாசலிலேயே நின்றார். உள்ளே நான்காவது ஆளுக்கு இடமில்லை; பீரோவும் இப்போது ஓர் ஆள். குனிந்து நிலைக்குக் கீழாக உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்குள் இன்னோர் அறை இருந்தது. அங்கேயும் ஓர் அடுப்பு எரிந்தது. அங்கேயும் கொடியில் துணி தொங்கியது. அங்கேயும் ஒரு தேவி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாசலில் தம்மைப் போலவே ஒருவர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ரூமு வீடு மாதிரி இருக்கு ஆத்தா" என்றார் மகளிடம். முப்பது ஆண்டு ஒற்றை அறையில் வாழ்ந்தவர், இரண்டு அறையுள்ள வீட்டில் தம் மகளைப் பார்த்தது அதுவே முதல் முறை. டீயை நின்றுகொண்டே குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். அருள்பாண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தும் அவர் அவசரப்படவில்லை.

இவ்வாறு காவியம் மங்களமாக முடிந்திருக்கலாம். ஆனால் கழற்றிய தகரத்தை மாட்டும்போது பொன்னுமணி சுத்தியலால் அடித்த அடி, மூன்று தெரு தாண்டி, கறிச்சோற்றின் ஆழ்ந்த துயிலில் கிடந்த யோகராஜின் செவியை எட்டியது. தம் தகரத்தின் குரல் அவருக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்ணும் சிலிர்த்த மீசையுமாக, ஊழித்தீ நடந்து வந்தாற்போல் முடுக்கின் வாயில் அவர் தோன்றியபோது, பொன்னுமணி கடைசி ஆணியைத் திருகி முடித்துக் குதித்து இறங்கி, காக்கை விரட்ட ஏறியவனைப் போல வானத்தைப் பார்த்தான். தெரு அஞ்சி ஒதுங்கியது. சின்ராசு ஒரு போருக்கும் அஞ்சாதவன். இப்போது வாசலை மறைத்துக்கொண்டு நின்றான். தேவியின் கை முந்தானைச் சாவியைப் பற்றியது. வீட்டைக் காலி செய் என்று ஒரு சொல் சொன்னால், அந்த பீரோவை எந்த வீட்டு வாசலில் நுழைப்பது?

யோகராஜ் கூரையைப் பார்த்தார். தகரம் தகரமாகவே இருந்தது. ஆணிகளை எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு, தாம் வைத்த நிலைக்குத் தாமே தலை குனிந்து, சின்ராசுவின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நெடுநேரம் பார்த்தார். கோபம் அவர் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. கண்ணாடிக்குள் நீண்டு சென்ற அந்த இரண்டாம் அறையையும், அதன் அடுப்பையும், அதன் கொடியையும், அதன் தகரக் கூரையையும் ஒவ்வொன்றாக நோக்கினார்.

"ஏப்பா சின்ராசு, நான் குடுக்கும்போது இது இவ்வளவு பெரிய ரூமாவா இருந்துச்சு?" என்றார்.

யோகராஜ் மறுபடி ஒருமுறை உள்ளே பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த மாதத்திலிருந்து வாடகை முந்நூறு ரூபாய் கூடியது.